செரட்டோனின் கடிகாரத்தை நகர்த்துகிறதா, தடுக்கிறதா?

வணக்கம். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனின் உடல் கடிகாரத்தை நகர்த்தும் என்று ஒரு கட்டுரையும், வெளிச்சம் கடிகாரத்தை நகர்த்துவதைச் செரட்டோனின் தடுக்கும் என்று இன்னொன்றும் சொல்கிறதே, கருத்தரங்கில் எதைச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையுமே சொல்லுங்கள். செரட்டோனின் போய் ஒட்டும் புரதங்களான ஏற்பிகள் வேறு, அவை இருக்கும் இடமும் வேறு.

விழித்திரையிலிருந்து, உடல் கடிகாரம் இருக்கும் மூளைப் பகுதியான எஸ்சிஎன்னுக்கு வரும் நரம்பு இழையின் நுனியை மட்டும் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் அந்த நுனி, வெளிச்சச் செய்தியைக் கடத்தும் குளூட்டமேட்டை வெளியே விடும். 5-எச்டி1பி ஏற்பி உட்கார்ந்திருப்பது அந்த நுனியிலேயேதான். செரட்டோனின் அதில் போய் ஒட்டினால் குளூட்டமேட் குறைவாகத்தான் வெளியேறும். வெளிச்சம் அதேதான், கடிகாரத்துக்குப் போய்ச் சேரும் செய்தி மட்டும் மெலிந்துவிடுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

5-எச்டி7 என்ற ஏற்பியோ எஸ்சிஎன் நரம்பணுவிலேயே இருக்கிறது. எலியின் எஸ்சிஎன்னைத் துண்டாக வெட்டித் தட்டில் வைத்தால் கண்ணும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆனாலும், அந்தத் துண்டின் கடிகாரப்படி பகலாக இருக்கும் நேரத்தில், செரட்டோனினைப் போல ஏற்பியில் ஒட்டி வேலை செய்யும் 8-ஓஎச்-டிபிஏடி என்ற மருந்தைக் கொடுத்தால் கடிகாரம் முன்னே நகர்கிறது.

அப்புறம் ஒன்று: பழைய கட்டுரைகள் இந்த நகர்வை 5-எச்டி1ஏ என்ற இன்னொரு ஏற்பியின் வேலை என்றே எழுதியிருக்கும். 5-எச்டி7 அடையாளம் காணப்பட்டதே 1993இல்தான். அந்த மருந்து இரண்டிலும் ஒட்டும். அதனால் கட்டுரையின் ஆண்டையும், மருந்து கொடுத்தது கடிகாரத்தின் பகலிலா இரவிலா என்பதையும் முதலில் பாருங்கள். உங்கள் குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.