கால்வரை இழுக்கும் வலிக்கு யாரிடம் போவது?

வணக்கம் அண்ணா. மூன்று கிழமையாக இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல்வரை வலி இழுக்கிறது என்றும், எண்ணெய் தடவலா, முறிவு நெறிவு வைத்தியமா (எலும்பு முறிவு, சுளுக்குக்கான நாட்டு வைத்தியம்), கொழும்பில் கைரோபிராக்டரா (முதுகெலும்பைக் கையால் சொடுக்கிச் சரிசெய்பவர்), பிசியோதெரபியா என்றும் கேட்டிருந்தீர்கள்.

முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி வெறும் தசைப்பிடிப்பாக இருப்பது குறைவு. பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. அதனால் முதலில் திருகோணமலை பொது வைத்தியசாலையில் காட்டி, பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே கை வைத்து அழுத்துவதைவிட, வீட்டில் செய்யச் சொல்லும் பயிற்சிதான் பெரிய விஷயம். பலர் அதைத்தான் செய்வதில்லை! அனேகமானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் நன்றாகவே குறையும்.

எண்ணெய் தடவல் இறுகிய தசைக்குச் சுகம் தரும், ஆனால் நரம்பழுத்தத்தை எடுக்காது. திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றும் அப்படித்தான். போய்க் குளியுங்கள், தடையில்லை. கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவில் தொடங்கியது. சாதாரண இடுப்புவலிக்கு மற்ற சிகிச்சைகள் அளவுக்கு உதவலாம், ஆனால் உங்கள் காலைப் பரிசோதிக்காமல் யாரும் முதுகைச் சொடுக்க விடவேண்டாம். எனக்குத் தோள் பிடித்தபோது ஒருவர் இழுத்த இழுவையில் இரண்டு மாதம் சட்டை போட முடியவில்லை. முறிவு நெறிவுக்காரரிடம் போனாலும் இதே கதைதான்: தடவட்டும், முறுக்க வேண்டாம்.

சரி, ஒன்று மட்டும் அவசரம். பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தாலோ, மறைவிடத்தைச் சுற்றி உணர்வில்லாமல் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.