கிறிஸ்துமஸ் கப்பல் பயணம்: முதல் மூன்று நாட்களைக் காலியாக விடுங்கள்

அசோக் நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நான், மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன், 68 வயது அம்மா ஆகிய ஐவரும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மயாமியிலிருந்து ஏழு இரவுக் கரீபியன் கப்பல் பயணம் போகிறோம். டிசம்பர் 20 மாலை 4.30 மணிக்குக் கப்பல் புறப்படுகிறது. அன்று காலை 9 மணிக்கு மயாமியில் இறங்கும் விமானத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். 21 நாசோ, 22 கடல், 23 செயின்ட் தாமஸ், 24 செயின்ட் மார்ட்டின், அதன்பின் இரண்டு நாள் கடல், 27 காலை மயாமி. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எல்லோரும் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். முதல் இரண்டு மூன்று நாட்களை வீணாக்காமல் எப்படிப் பயன்படுத்துவது? நாசோவில் முழுநாள் சுற்றுலாவுக்குப் பதிவு செய்துவிடலாமா?"

முதலில் விமான டிக்கெட்டைப் பேசுவோம். அதை மாற்றுங்கள். 18ஆம் தேதியே மயாமியில் இறங்கிவிடுங்கள்.

காலை 9 மணிக்கு இறங்கினால் கப்பலுக்கு ஏழரை மணி நேரம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அமெரிக்க விதிப்படி, பயணிகளின் இறுதிப் பட்டியலைக் கப்பல் நிறுவனம் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே அரசுக்கு அனுப்பிவிட வேண்டும். அதனால் ஏறும் வாசலை அதற்கும் முன்பே மூடிவிடுவார்கள். சென்னையிலிருந்து மயாமிக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, லண்டன், பிராங்க்பர்ட் என்று ஓர் ஊரிலாவது மாற வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் மயாமி குடியேற்ற வரிசையில் நிற்பதற்கே பெரும் பொறுமை வேண்டும். இணைப்பு விமானம் தவறினாலோ, பெட்டி வேறு ஊரில் தங்கிவிட்டாலோ, கப்பல் உங்களுக்காக ஐந்து நிமிடம்கூட நிற்காது. 17 ஆண்டுகளாகச் சென்னையில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். ஒரே நாளில் இறங்கி ஏறும் பயணத்தை எந்தக் குடும்பத்துக்கும் நான் பதிவு செய்து கொடுத்ததில்லை. இரண்டு இரவு ஓட்டல் செலவு உங்களுக்குக் கசக்கலாம். ஐந்து பேருக்கும் கட்டிய கப்பல் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது சிறிய தொகைதான்.

அமெரிக்க விசா எடுத்துவிட்டிருப்பீர்கள். ஐந்து பாஸ்போர்ட்டிலும் அது பலமுறை நுழையும் விசாதானா என்று மட்டும் மறுபடி பாருங்கள். நாசோ பஹாமாஸ் நாட்டின் தலைநகரம். அங்கே போனதும் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறியவர்கள் ஆகிவிடுகிறீர்கள். செயின்ட் தாமஸ் அமெரிக்க ஆட்சிப் பகுதி, அங்கே மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைகிறீர்கள். செயின்ட் மார்ட்டினுக்குப் பிறகு மறுபடி மயாமி. மற்ற தீவுகளுக்கான விதிகளைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் முன்னதாகப் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். டிசம்பரில் மயாமி சென்னையைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. பகல் முழுவதும் இரவாகத் திரும்பிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். கப்பலில் மாலை 6 மணிக்கு விளக்குகளும் பாட்டுமாக இருக்கும்போது உங்கள் மகனின் உடலுக்கு அது அதிகாலை 4.30. இரவு 3 மணிக்கு அவன் எழுந்து உட்கார்ந்து "பசிக்கிறது" என்பான், சென்னையில் அப்போது பிற்பகல் 1.30. பஃபே காலையில்தான் திறக்கும். ஆகவே சீடை, முறுக்கு, பிஸ்கட் போன்றவற்றைக் கடையில் சீல் வைத்த பாக்கெட்டாகவே கைப்பையில் வைத்திருங்கள். வீட்டில் சுட்டு டப்பாவில் அடைத்ததைப் பல கப்பல்களில் ஏற்ற விடமாட்டார்கள்.

இதனால்தான் முதல் மூன்று நாட்களைக் காலியாக விடச் சொல்கிறேன். நாசோவில் முழுநாள் சுற்றுலா வேண்டாம். காலை 8 மணிக்குப் படகில் ஏற்றி, மாலை வரை வெயிலில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தால் குழந்தைகள் இரவு உணவு மேசையிலேயே தூங்கிவிடுவார்கள். அம்மாவுக்கு அது இன்னும் கடினம். கப்பல் துறைமுகத்திலிருந்து ஜங்கனூ கடற்கரை நடக்கும் தூரம்தான். காலையில் இரண்டு மணி நேரம் குழந்தைகள் தண்ணீரில் ஆடட்டும். நடக்க ஆசை இருந்தால் ராணி படிக்கட்டு வரை போய்வாருங்கள். 1790களில் அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து உண்டாக்கிய படிகள் அவை. மொத்தம் 66 என்பது கணக்கு, கண்ணுக்குத் தெரிவது 65தான். குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். அம்மா கீழே நிழலில் இருந்து பார்த்தால் போதும். அமெரிக்க டாலரை அங்கே அப்படியே வாங்கிக்கொள்வார்கள், பணம் மாற்றும் வேலை இல்லை. மதியத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுங்கள். எல்லோரும் ஊருக்குள் போயிருக்கும் அந்த நேரத்தில் நீச்சல் குளம் காலியாக இருக்கும்.

இப்போது அம்மாவின் இன்சுலின். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், நான் அப்படி விடப்போவதில்லை. சென்னையில் காலை 8 மணி என்பது மயாமியில் முந்தைய நாள் இரவு 9.30. இரவு 10 மணி ஊசி அங்கே பகல் 11.30க்கு வந்து விழும். மேற்கு நோக்கிப் போகும்போது அந்த ஒரு நாள் பத்தரை மணி நேரம் நீண்டுவிடுகிறது. அந்த இடைவெளியில் எந்த ஊசி, எத்தனை யூனிட், எந்த நேரத்தில் என்பதை உங்கள் மருத்துவரிடம் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். விமான நிறுவனத்தின் நேரப் பட்டியலைக் கையில் கொண்டுபோனால் அவருக்கும் எளிது. நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். செயின்ட் தாமஸ் போவதற்குள் கடிகாரத்தை இன்னொரு மணி நேரம் முன்னால் நகர்த்த வேண்டிவரும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இன்சுலின், ஊசி, மருத்துவர் சீட்டு எல்லாம் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடக்கூடும். கப்பலிலும் இதே கதைதான். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளைச் சுமைதூக்குபவர்களிடம் கொடுத்துவிடுவீர்கள், அவை கேபின் வாசலுக்கு வந்துசேர மாலை ஆகலாம். அதுவரை உங்கள் கையில் இருக்கும் பைதான் உங்கள் வீடு. கேபினில் இருக்கும் சிறு குளிர்பெட்டி பல கப்பல்களில் பானம் குளிரவைக்க மட்டுமே உதவும், இன்சுலினுக்கு ஏற்ற குளிர் அதில் இருக்காது. மருந்து வைக்கும் குளிர்சாதனப் பெட்டியும், பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பாவும் வேண்டும் என்று பயணத்துக்குச் சில வாரம் முன்பே கேட்டு எழுதுங்கள், கேட்டால் தருவார்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது அம்மாவுக்கு இருக்கும் நோயைச் சொல்லியே எடுங்கள். நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் செலவும் அதில் அடங்க வேண்டும்.

முதல் இரவு கொஞ்சம் ஆடும். புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. டிசம்பரில் வடக்கிலிருந்து குளிர்காற்று எதிராக வீசினால் அலை செங்குத்தாக எழும். இதில் பயப்பட ஒன்றுமில்லை, வயிறுதான் பயப்படும். கேபினை இனி மாற்ற முடியுமானால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கே குறைவு. ஐந்து பேருக்கு இரண்டு கேபின் என்றால் இடையில் கதவு வைத்த ஜோடியாக இருக்கட்டும். குமட்டல் மாத்திரை என்றால் கப்பல் நகர்வதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு போட்டு அதிகப் பலன் இல்லை. எந்த மாத்திரை என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். குழந்தைகளுக்கு இஞ்சி மரப்பா நன்றாகக் கேட்கும். அதில் சர்க்கரை இருப்பதால் அம்மாவுக்குச் சுக்கு. அம்மா ஊசி போட்டுக்கொண்டபின் வாந்தியில் உணவு தங்காமல் போனால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அதற்கு என்ன செய்வது என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, குளுக்கோஸைத் தலைமாட்டிலேயே வையுங்கள்.

பெட்டி கட்டும்போது நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் சில தவறுகள் உண்டு. மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி இவற்றைக் கப்பல் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். தீ விபத்துதான் கப்பலின் பெரிய பயம். சில ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய ஒரு குடும்பத்தில் பாட்டியின் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி மூன்றும் சோதனை மேசையிலேயே நின்றுவிட்டன. எனக்குத் தெரிந்திருந்தும் சொல்ல மறந்தது என் பிழை. அன்று இரவு பாட்டி சாப்பிடவில்லை என்று மகன் தொலைபேசியில் சொன்னபோது பட்ட வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் அம்மா தினமும் விளக்கேற்றுபவராக இருந்தால் பேட்டரியில் எரியும் சிறு விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரவு மூன்று, நான்கு மணிக்கு எப்படியும் விழிப்பு வந்துவிடும். மார்கழியில் அந்த நேரத்துக்கு எழுந்து பழகியவருக்கு, ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு மேல்தளத்தில் திருப்பாவை சொல்வதைவிட நல்ல தொடக்கம் எது? யாராவது ஒருவர் கூடவே போங்கள்.

கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் நோயும் அதைப் பரப்பும் பூச்சியும் அதன் வழியாக வரும் என்பதால் அமெரிக்கச் சுங்கத்தில் அதற்குத் தடை உண்டு. புளோரிடா ஆரஞ்சு விளையும் மாநிலம், இதில் அவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். ஊறுகாய், பொடி எது இருந்தாலும் உணவு இருக்கிறது என்று சுங்கத்தில் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிய கவலை பாதிதான் நியாயம். பெரிய கப்பல்களின் சமையலறைகளில் நம் நாட்டவர் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். முதல் நாள் இரவு உணவில் உட்கார்ந்ததும் ஹெட் வெய்ட்டரை அழைத்து, "இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது, பால் தயிர் உண்டு" என்று இதே சொற்களில் பிரித்துச் சொல்லுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் அவர்கள் அகராதியில் முட்டை அடங்கிவிடும். காய்கறி சூப்பில் கோழிச் சாறும், ஜெல்லியிலும் மூஸிலும் ஜெலட்டினும், சீசர் சாலட்டில் நெத்திலியும் இருக்கலாம். அடுத்த நாளிலிருந்து பருப்பு, சோறு, ஒரு கறி உங்கள் மேசைக்கு வரச் செய்வார்கள். முதல் நாளே சொல்லாதவர்கள்தான் ஏழு நாளும் ரொட்டியும் பழமுமாகக் கழிக்கிறார்கள். சோற்றைத் தனியாகக் கேட்டு, இனிப்பில்லாத தயிரையும் உப்பையும் சேர்த்துப் பிசைந்தால் அம்மாவுக்குத் தயிர்சாதம் ஆயிற்று. இரவு உணவுக்கு இரண்டு பந்தி இருந்தால் முந்தியதையே எடுங்கள்.

பஃபேக்குப் போகும்போது குழந்தைகளின் கைகளைச் சோப்புப் போட்டு இருபது வினாடி கழுவ வையுங்கள். கப்பல்களில் பரவும், வாந்திபேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் வாசலில் தெளிக்கும் சானிடைசருக்கு எளிதில் அடங்காது.

கப்பலில் ஏறியதும் அவசரகாலப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி, அதுதான் எச்சரிக்கை. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபோது, அன்றுதான் ஏறியிருந்த பயணிகள் பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன்பிறகு புறப்பாட்டுக்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அதை முடித்தாக வேண்டும் என்று விதி வந்தது. இப்போது பல கப்பல்களில் செயலியில் காணொளி பார்த்துவிட்டு, உங்கள் கூடுமிடத்துக்குப் போய்ப் பதிவு செய்தால் போதும். ஏறிய கையோடு ஐவரும் சேர்ந்து நடந்துபோய் முடித்துவிடுங்கள். அந்த வழியை மகன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

கைபேசியைக் கப்பல் நகரும் முன் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். கடல் நடுவே செயற்கைக்கோள் வழியாக ரோமிங் பிடித்துக்கொண்டால் கட்டணம் மலைக்க வைக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் பணியாளர் அன்பளிப்பாகக் கணக்கில் ஏறும், அதை முன்கூட்டியே பட்ஜெட்டில் சேருங்கள்.

சுற்றுலாப் பணத்தை 23ஆம் தேதி செயின்ட் தாமஸில் செலவழியுங்கள். அதற்குள் எல்லோரும் ஓரளவு தூங்கி எழுந்திருப்பீர்கள். அந்தத் தீவின் துறைமுக ஊரான சார்லட் அமாலியில் இறங்கி டாக்ஸியில் மேகன்ஸ் விரிகுடாக் கடற்கரைக்குப் போனால், குதிரை லாடம் போல வளைந்த, அலை அடங்கிய கடல். ஆறு வயதுப் பையனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பாதையில் இல்லை. அமெரிக்கக் கொடி பறந்தாலும் வண்டிகள் நம் ஊர்போல இடது பக்கம்தான் போகும், மகளிடம் சொல்லிவையுங்கள், அவளே கண்டுபிடிப்பாள். திரும்பும் நேரத்தை மட்டும் கப்பலின் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

25 அன்று கப்பல் கடலில் இருப்பது உங்களுக்கு வசதி. துறைமுக ஊர்களில் அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கப்பலிலோ காலையிலேயே கிறிஸ்துமஸ் தாத்தா வந்துவிடுவார். குழந்தைகளுக்கான சிறு பரிசுகளைச் சென்னையிலேயே வாங்கி, காகிதம் சுற்றாமல் பெட்டியில் வையுங்கள். சுற்றியவற்றைச் சோதனையில் பிரிக்கச் சொல்வார்கள்.