சிஸ்டரிடம் கேளுங்கள்: முள்ளாத்தா இலை, கத்தி பட்ட கட்டி, கருமணல்

போன மாதம் மார்பகக் கட்டி பற்றி எழுதியதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வாட்ஸ்அப் சங்கதி. சரி, இந்த மாதம் அதையே எடுத்துக்கொள்வோம். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. திருவனந்தபுரத்தில் புற்றுநோய் வார்டில் 26 வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது குழித்துறையில் கோழி வளர்க்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு 54 வயது. கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். பயாப்ஸியில் கேன்சர் என்று வந்துவிட்டது. ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். துபாயில் இருக்கும் கொழுந்தன் தினமும் முள்ளாத்தா (முள்சீத்தா) வீடியோ அனுப்புகிறார், கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தியாம். இவரும் "கத்தி பட்டால் பரவிடும், மூணு மாசம் இலையைக் காய்ச்சிக் குடிச்சுப் பார்ப்போம்" என்கிறார். நான் என்ன செய்ய, சிஸ்டர்?
பெயர் வேண்டாம், களியக்காவிளை

ஆபரேஷன் தேதியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1990களில் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முள்ளாத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை, கண்ணாடித் தட்டில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய் செல்கள் மேல் விட்டுப் பார்த்தார்கள். ஒரு வகை செல்லிடம் அது ஒரு கீமோ மருந்தைவிட அத்தனை மடங்கு வீரியமாக வேலை செய்தது. தட்டில்தான். தட்டில் இருக்கிற செல்லை பிளீச்சிங் பவுடர் கலக்கிய தண்ணீரும் கொல்லும், அதற்காக அதை யாரும் குடிக்கச் சொல்வதில்லை. மனிதருக்குக் கொடுத்துப் புற்றுநோய் குணமானது என்று காட்டிய முறையான சோதனை ஒன்றுகூடக் கிடையாது. இன்னொரு விஷயத்தை எந்த வீடியோவும் சொல்லாது: கரீபியன் கடலில் குவாதலூப் என்ற தீவில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக எடுத்துவந்தவர்களிடம், பார்க்கின்சன் போலவே இருந்து அதன் மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு நோய் அதிகமாக இருப்பதை 1999இல் டாக்டர்கள் எழுதினார்கள். ருசிக்கு ஒரு துண்டு பழம் தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. மூன்று மாதம் மூன்று வேளை கஷாயம் என்பது வேறு.

"இயற்கை மருந்தை இங்கிலீஷ் டாக்டர்கள் மறைக்கிறார்கள்" என்று அடுத்து ஒரு வீடியோ வரும், அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் முற்றத்தில் நித்யகல்யாணி நிற்கிறதா? சுடுகாட்டு மல்லி என்போமே, மலையாளத்தில் சவநாறி, அதேதான். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு பேர் ஆராய்ந்து பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளுக்கு வெள்ளையணுதான் சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய்க் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின், அதே செடியிலிருந்து அப்புறம் வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றைக்கும் கொடுக்கிறார்கள். ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆனால் பெரிய ஆளுக்கே ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். அந்த 2 மில்லிகிராமை ஏற்றும்போது ஊசி ரத்தக்குழாயை விட்டு ஒரு நூல் விலகினாலும் சுற்றியுள்ள சதை வெந்துபோகும் என்பதால், நோயாளியின் கையையே பார்த்துக்கொண்டு நிற்போம், யாராவது கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டோம். செடியில் மருந்து இருப்பதை யாரும் மறைக்கவில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் அதைப் பாட்டிலில் அடைத்து விற்கக் கம்பெனிகள்தான் முதலில் ஓடிவரும்.

கத்தி விஷயத்துக்கு வருவோம். இந்தப் பேச்சு எப்படி உண்டானது என்று எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் கடைசி நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். திறந்து பார்த்தால் ஏற்கெனவே பரவியிருக்கும். ஆறு மாதத்தில் ஆள் போய்விடுவார், பழி கத்தி மேல். பயாப்ஸிக்குச் சதை எடுக்கக் குத்துகிற ஊசி போன வழியில் புற்றுநோய் செல் ஒட்டுவது சில கட்டிகளில் மிக அபூர்வமாக நடப்பதுண்டு, டாக்டர்களும் அதை நினைத்துத்தான் ஊசி போகும் வழியைத் தீர்மானிக்கிறார்கள். ஆனால் கத்தி பட்டதால் பரவாது, வெட்டாமல் விட்டால்தான் பரவும், அதுவும் வாய்ப் புற்று கழுத்து நெறிக்கட்டிக்குப் போக ரொம்ப நாள் காத்திருக்காது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பரவாத நிலையில் இருந்தும் சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்துக்கு மட்டும் போன 281 பேரை, சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். சாகும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல்.

அவரிடம் இந்த எண்ணையெல்லாம் வாசித்துக் காட்டாதீர்கள், கோபம்தான் வரும். முள்ளாத்தா மேல் உள்ள நம்பிக்கையைவிட, முகம் கோணிவிடுமோ, சோறு தின்ன முடியாமல் போகுமோ என்ற பயம்தான் அவருக்குப் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரிடம் கூட்டிப்போய், "மூணு மாசம் தள்ளினா என் கன்னத்துல என்ன நடக்கும்?" என்று அவர் வாயாலேயே கேட்க வையுங்கள். இப்போது எவ்வளவு எடுப்பார்கள், தாடை எலும்பில் இறங்கிவிட்டால் எவ்வளவு எடுப்பார்கள், எடுத்த இடத்தில் எங்கிருந்து சதை வைப்பார்கள் என்று ஸ்கேனை வைத்துக்கொண்டு டாக்டர் காட்டுவார்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. வெற்றிலை போடுவாரா? கொழுந்தன் அனுப்பிய வீடியோக்களில் ஒன்றிலாவது அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறதா? புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996இல் தொடங்கி ஊராட்சி ஊராட்சியாகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வேறு மிஷின் ஒன்றும் இல்லை. அதன் முடிவு 2005இல் வந்தது: புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வீட்டில் வெற்றிலை போடுகிற மற்றவர்கள் இருந்தால் அவர்களையும் இந்த வாரமே வாயைக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி, அதை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும், இதைக் கண்டுபிடித்தவருக்கு 1931லேயே நோபல் கொடுத்தார்கள் என்று மைனி ஒரு மெசேஜைக் காட்டி, சோறு பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். சரிதானா?
ஒரு மகள், செங்கோட்டை

உங்கள் மைனியைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் அக்கா வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ரேடியேஷன் நடந்தபோது, இத்தனை வருடம் வார்டில் நின்ற நானே இந்த மெசேஜை நம்பினேன். முழுதாக நம்பவில்லை, "எதற்கும் குறைத்துவைப்போமே" என்றுதான் நினைத்தேன். ஏத்தன்பழம் கிடையாது, கஞ்சியில் பாதி, காப்பியில் சீனி கிடையாது. ஏற்கெனவே எச்சில் விழுங்கவே முடியாத மனுஷன். ஐந்தாவது வாரம் எடை மிஷினில் ஏறினால் ஆறு கிலோ காணோம். ரேடியேஷனுக்குத் தலையை அசையாமல் பிடிக்க முகத்துக்கு அச்சு எடுத்து ஒரு வலைமுகமூடி செய்வார்கள். அதற்கும் கன்னத்துக்கும் நடுவே என் விரல் போய்வந்தது. திரும்ப அச்சு எடுத்து, திரும்பத் திட்டம் போட்டு, சிகிச்சை நான்கு நாள் நின்றது. அத்தான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா சொன்னாள்.

மெசேஜில் சொல்லும் ஆள் ஓட்டோ வார்பர்க். புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுக்கின்றன என்று அவர் 1920களில் பார்த்தது உண்மை, புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற பெட் ஸ்கேன் வேலை செய்வதும் அந்த அடிப்படையில்தான். ஆனால் 1931இல் நோபல் கொடுத்தது செல்கள் சுவாசிக்க உதவும் ஒரு நொதியைப் பற்றிய வேலைக்கு. நீங்கள் சோற்றை நிறுத்தினாலும் உடம்பு சதையைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்துகொள்ளும், கட்டிக்குப் போக வேண்டியது எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும், அம்மாதான் உருகிப்போவார். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கஞ்சியும் பயறும், மீன், முட்டை, அவருக்குத் தோன்றினால் பாயசமும் கொடுங்கள்.

பிளாஸ்டிக் கப் டீ, செல்போன் டவர், மைக்ரோவேவ் எல்லாமே கேன்சரா?
டீக்கடை நடத்துபவர், கொழிஞ்சாம்பாறை

மைக்ரோவேவ் இல்லை. பிளாஸ்டிக் கப்பில் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல் இருப்பது நல்லதுதான், கண்ணாடி கிளாஸில் கொடுங்கள், பார்க்கவும் அழகு. ஆனால் கப்பைவிடச் சூட்டைக் கவனியுங்கள்: 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று, மேலே சொன்ன உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சொன்னது. செல்போன் கதிர்வீச்சு "ஒருவேளை இருக்கலாம்" என்ற பட்டியலில் 2011 முதல் இருக்கிறது, உண்மைதான். அதே பட்டியலில் சோற்றுக்கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது, அதைத்தான் கேன்சருக்கு மருந்து என்று குடிக்கச் சொல்லி மெசேஜ் அனுப்புகிறார்கள்! அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்லும், ஆபத்து எவ்வளவு பெரிசு என்பதை அல்ல. உங்கள் கடையில் தொங்குகிற பாக்குச் சரத்தை எடுத்துவிட்டால் டவரைப் பற்றிக் கவலைப்படுவதைவிடப் புண்ணியம்.

எங்கள் கடற்கரையில் கருமணல் இருப்பதால்தான் வீட்டுக்கு வீடு கேன்சர் என்று ஒரு ஆடியோ சுற்றுகிறது. ஊரை விட்டே போய்விடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.
மணவாளக்குறிச்சி பக்கம் ஒரு வாசகர்

மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இவ்வளவும் உண்மை. இதே மணல் உள்ள கருநாகப்பள்ளியில், கொல்லம் மாவட்டம்தான், 69,958 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிர்வீச்சை அளந்து, யாருக்கு எவ்வளவு பட்டது, யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று பொருத்திப் பார்த்ததில், கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதே ஊர் மக்களிடம் பீடியைப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய் தெளிவாகவே கூடியிருந்தது.

மணல் அள்ளுவதை எதிர்ப்பவர்களுக்கு நான் எதிரி இல்லை, கடலரிப்பு, தூசி, மீன்பிடிப் பிழைப்பு என்று கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு, கேளுங்கள். ஆனால் அந்த ஆடியோவைக் கேட்டு வீட்டை விற்காதீர்கள். பயத்தில் விற்கிற வீட்டை மலிவாக வாங்க யாராவது காத்திருப்பார்கள்.

குடும்ப குரூப்பில் பெரியப்பா தினமும் மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை வைத்தியம் போடுகிறார். பெரிய கிரிக்கெட் வீரரின் மனைவிக்கே குணமாச்சாம். தவறு என்று சொன்னால் மரியாதை இல்லாதவன் என்கிறார்கள்.
பி.எஸ்சி. மாணவர், பள்ளிப்பட்டு

அந்தக் கதை 2024 நவம்பரில் வந்தது தம்பி. நவ்ஜோத் சிங் சித்து தன் மனைவிக்குக் குணமானதை உணவுமுறையோடு சேர்த்துப் பேசினார். உடனே டாடா நினைவு மருத்துவமனையின் முன்னாள் இந்நாள் புற்றுநோய் டாக்டர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, இதற்கு ஆதாரம் இல்லை, சிகிச்சையைத் தள்ளாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். அந்த அம்மா ஆபரேஷனும் கீமோவும் எடுத்துக்கொண்டவர். யாருக்காவது குணமானது என்று கேள்விப்பட்டால், கூடவே வேறு என்ன எடுத்தார் என்று கேட்டுவிடு, பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பெரியப்பாவை எல்லார் முன்னாடியும் மடக்காதே. குரூப்பில் மடக்கினால் அவர் மறுநாள் இரண்டு போடுவார். போன் பண்ணு, முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள், அப்புறம் "பெரியப்பா, சித்தப்பா அதைப் படிச்சுட்டு மாத்திரையை நிறுத்திட்டா என்ன பண்றது?" என்று கேள். யார் வீட்டில் நோயாளி இருக்கிறாரோ அவர்களுக்குத் தனியாகச் சொல்லிவை. காசு வாங்கிக்கொண்டு கேன்சரைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்கிற ஆளாக இருந்தால் மரியாதை பார்க்க வேண்டாம். 1954லிருந்து அதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, அதன் பட்டியலில் கேன்சரும் உண்டு. போலீசில் புகார் கொடு.

சூடான தேங்காய்த் தண்ணீர் கேன்சர் செல்லைக் கொல்லும் என்று டாடா மருத்துவமனை டாக்டரே சொன்னாராமே?
களியல்

சொல்லவில்லை. அந்த மருத்துவமனையே மறுத்துவிட்டது. தேங்காயை மீன்குழம்புக்கு அரையுங்கள்.