கனத்த உடலும் சல்சா மேடையும்: கேள்வி பதில்

ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், லத்தீன் அமெரிக்க இணை நடனங்களான சல்சாவும் பச்சாட்டாவும் கற்றுத் தருகிறேன். கனத்த உடலோடு மேடையேறியவள் என்பதால் என்னைத் தேடி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கீழக்கரை வாசகி: அக்கா, என் எடை 94 கிலோ. குறைத்த பிறகு சேரலாமா?

இப்போதே சேருங்கள். பத்துக் கிலோ குறைத்துவிட்டு வரும்படி ஒரு நகரத்துப் பயிற்சிக்கூடம் என்னைத் திருப்பி அனுப்பியதால் இரண்டு ஆண்டுகளை இழந்தவள் நான். சல்சாவின் எட்டு எண்ணிக்கையில் 1, 2, 3, 5, 6, 7 ஆகியவற்றில் அடி விழும். 4, 8 இரண்டும் நிறுத்தம். ஒவ்வோர் அடியிலும் உடலின் முழு எடையும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் போய்ச் சேர வேண்டும். பாதி எடையைப் பின்னங்காலிலேயே விட்டுவைப்பவர், எவ்வளவு மெலிந்தவரானாலும், அடுத்த அடிக்குப் பிந்தித்தான் வருவார். முழங்கால் வலி இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பாம்பன் வாசகர்: கடற்கரை மணலில் பயிலலாமா?

நடக்கலாம், சுழலக் கூடாது. பாதம் மணலில் புதைந்திருக்க உடல் மட்டும் திரும்பினால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். தரையைக் கவ்வும் ரப்பர் அடிச் செருப்பும் அப்படியே. வழுவழுப்பான சிமெண்டுத் தரையும் மென்தோல் அடி வைத்த காலணியும் வேண்டும். ஆடி முடித்ததும் காலணியைத் துடைத்துத் துணிப்பையில் வையுங்கள், உப்புக் காற்றில் குதிகால் ஆணி துருப்பிடித்துவிடும்.

தங்கச்சிமடம் வாசகி: எடையைக் குறைத்துவிட்டு வரட்டுமா, அக்கா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ராமநாதபுரம் வாசகி: ஏழாண்டு பரதம் கற்றவள் நான், சல்சா எனக்கு விரைவில் வரும்தானே? அரைமண்டி பழகிய உடலுக்கு இது வராது என்கிறார் தேவிபட்டினத்துத் தோழி.

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அரைமண்டியில் இரு முழங்கால்களும் ஒருசேர மடங்கி வெளிநோக்கி விரிய, எடை இரு பாதங்களிலும் சமமாக நிற்கும், இடுப்பு அசையாது. சல்சாவிலோ ஒரு முழங்கால் மடங்கும்போது மற்றது நிமிரும். எடை ஏறிய கால் நேராகும்போது அந்தப் பக்கத்து இடுப்பு தானாக வெளியே நகரும். அதனால்தான் என் மாணவியரை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நிற்கவைத்து, இடுப்பை மறந்து முழங்கால்களை மட்டும் மாற்றி மாற்றி மடக்கி நீட்டச் சொல்கிறேன்.

தேவிபட்டினம் வாசகி: ஆதி தாளத்திலும் எட்டுத்தானே? அதுவாவது உதவாதா?

எண்ணிக்கை உதவும். ஆனால் சல்சா இசையின் முதுகெலும்பான கிளாவே என்னும் தாளக்கட்டு, நான்கு எண்ணிக்கை கொண்ட இரண்டு அளவைகளில் ஐந்து தட்டுகளை மூன்றும் இரண்டுமாகப் பிரித்து வைப்பது. அந்தத் தட்டுகளுக்கிடையே இடைவெளி சமமாக இராது. ஒரு வாரம் காலை அசைக்காமல் கையால் மட்டும் தட்டிப் பழகுங்கள். பரதத்தின் தட்டடவில் பாதத்தை ஓங்கித் தட்டிய பழக்கத்தையும் விடுங்கள், இங்கே பாதம் ஓசையின்றி எடையை வாங்க வேண்டும். இவ்வளவையும் மீறி, தாளம் பழகிய காது உங்கள் இருவருக்கும் பெரும் சொத்து என்பேன்.

தொண்டி வாசகர்: சம்பா, பாசோ டோப்லே கற்றுத் தருவீர்களா?

அவை போட்டி நடனங்கள், என் துறை அன்று. அதற்கெனப் பயின்ற ஆசிரியரை நாடுங்கள்.

ஏர்வாடி வாசகி: மேடை உடை எப்படித் தைப்பது?

அளவெடுக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கி நில்லுங்கள். அக்குளில் இழுக்காத உடையே ஆடும் உடை. உடலை மறைக்கும் தொளதொளப்பு வேண்டாம், கூட ஆடுபவரின் கை அதில் சிக்கும்.

ராமேசுவரம் வாசகி: தனுஷ்கோடி மணலில் சுழல்வதைக் காணொளி எடுக்கலாமா?

கூடாது, தங்கையே. அடிப்படை அடியை மட்டும் ஆடி எடுங்கள். சுழற்சியை வீட்டுச் சிமெண்டுத் தரையில் எடுத்துக்கொள்ளலாம்.