எந்த ஸ்டென் ஸ்டூரே?

கே: 1471-இல் டேனிஷ் மன்னரைத் தோற்கடித்தவர் பெயரும் ஸ்டென் ஸ்டூரே, 1520-இல் டேனிஷ் படையோடு மோதி உயிர்விட்டவர் பெயரும் ஸ்டென் ஸ்டூரே என்று படித்தேன். இவர்கள் அப்பாவும் மகனுமா?

ப: இல்லை. இளையவரின் அப்பா ஸ்வாண்டே நில்சன் என்ற இன்னொரு ஆட்சிப்பொறுப்பாளர். 1397 முதல் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றுக்கும் ஒரே முடி என்று கால்மர் ஒன்றியம் இருந்ததல்லவா? அதன் கீழ் டேனிஷ் மன்னரை ஏற்காத காலங்களில், மன்னர் பட்டம் இல்லாமல் ஸ்வீடனை ஆண்டவர்கள்தான் இந்த ஆட்சிப்பொறுப்பாளர்கள். மூத்த ஸ்டூரே ஸ்டாக்ஹோம் அருகே புருங்கெபெரியில் வென்றவர். அந்தப் போரில் மன்னர் முதலாம் கிறிஸ்டியனுக்குப் பற்கள் சில போயின. அப்படிப்பட்ட பெயரை யார்தான் விடுவார்கள்? இளையவர் கொள்ளுப்பாட்டி வீட்டு வழியில் வந்த 'ஸ்டூரே'யைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். கெட்டிக்காரர்!

1512-இல் பதவிக்கு வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பேராயர் குஸ்தாவ் ட்ரோலோடு தீராப் பகை. ட்ரோலின் அப்பாதான் ஆட்சிப்பொறுப்பாளர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர் என்றால் பகையின் வேர் புரியும். 1517-இல் நாட்டின் பிரமுகர்கள் கூடி, பேராயரின் ஸ்டேக்கெட் கோட்டையை இடிக்க முடிவெடுத்துப் பத்திரத்தில் முத்திரை வைத்தார்கள். பேராயரைத் தொட்டதால் திருச்சபையும் பகையானது. டேனிஷ் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியனுக்குப் படையெடுக்க அது நல்ல சாக்கு.

1520 ஜனவரியில் உறைந்துகிடந்த ஓசுண்டன் ஏரியின் மேல் போர். ஸ்டூரேயின் காலில் பீரங்கிக் குண்டு பாய்ந்தது. சறுக்குவண்டியில் ஸ்டாக்ஹோம் திரும்பும்போது, பிப்ரவரி 3 அன்று, மேலாரன் ஏரிப் பனிக்கட்டியிலேயே உயிர் போனது. குளிர்காலத்தில் அங்கே ஏரிதான் சாலை.

என்னைக் கேட்டால், அந்தக் கதையில் பெரிய ஆள் அவர் மனைவி கிறிஸ்டினா யில்லென்ஷெர்னா. கணவர் போன பிறகு செப்டம்பர் வரை ஸ்டாக்ஹோமை விட்டுக்கொடுக்கவில்லை. பொதுமன்னிப்பு தருவதாக மன்னர் வாக்களித்த பிறகே கதவைத் திறந்தார். நவம்பரில் முடிசூட்டு விழா விருந்து முடிந்ததும் மதநிந்தனை வழக்கு வந்தது. மன்னர் கொடுத்த மன்னிப்பு திருச்சபைக் குற்றத்துக்குச் செல்லாதாம்! 'என் கணவர் தனியாகச் செய்யவில்லை' என்று காட்ட 1517 பத்திரத்தை எடுத்து நீட்டினார் கிறிஸ்டினா. அதில் முத்திரை வைத்தவர்கள்மேலும் பழி விழுந்தது. இரண்டே நாளில் எண்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஸ்டூரேயின் உடலைக்கூடத் தோண்டி எடுத்து எரித்தார்கள்.

பத்திரத்தில் முத்திரை வைத்தும் தப்பியவர் பிஷப் ஹான்ஸ் பிராஸ்க். 'கட்டாயத்தின் பேரில் வைக்கிறேன்' என்று எழுதிய சீட்டைத் தன் முத்திரை மெழுகுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தாராம். பின்னால் பழி வராமலிருக்க முன்கூட்டியே ஒரு வார்த்தை போட்டுவைப்பதை ஸ்வீடன்காரர்கள் இன்றைக்கும் 'பிராஸ்க் சீட்டு' என்றுதான் சொல்கிறார்கள்.