சமையல்காரருக்கு எதற்கு ஒரு பக்கம்?

கேள்வி: சென்ற இதழில் செஃப் ஜேக்கப்பின் நினைவாக ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டிய ஒருவருக்கு இவ்வளவு தேவைதானா? ஊர் ஊராகப் போய்க் கல்யாணத்துக்கு ஆக்கிப் போடும் நம் தவசிப்பிள்ளைகள் இறந்தால் நீங்கள் ஒரு வரியாவது எழுதியதுண்டா? எண்ணெயும் நெய்யுமாகச் சமைத்தவர் 38 வயதில் மாரடைப்பில் போய்விட்டார் என்பதில் நமக்கெல்லாம் ஒரு பாடம் இருக்கிறதே, அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், என் மனத்தை வருத்தியது அதுதான். தேனி மாவட்டம் உத்தமபாளையத்துக்காரரான ஜேக்கப், 2012ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி சென்னையில் மாரடைப்பால் காலமானார். பரம்பரை, இரத்த அழுத்தம், சர்க்கரை, ஓய்வில்லாத உழைப்பு என்று அந்த நோய்க்கு வழிகள் பல உண்டு. அவற்றுள் எது ஒருவரைக் கொண்டுபோனது என்பதை அருகிலிருந்து வைத்தியம் பார்த்தவர்தாம் சொல்ல முடியுமே தவிர, அவர் வாணலியில் ஊற்றிய எண்ணெயைத் திரையில் பார்த்த நாம் சொல்ல முடியாது. துட்டி கேட்கப் போகிற நம் ஊர்ப் பெரியவர்கள், இறந்தவர் என்ன தின்றார், எவ்வளவு தின்றார் என்று திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து வருகிறார்கள். 38 வயதில் ஒரு மகனை இழந்த குடும்பத்துக்கு அந்த மரியாதையையாவது நாம் தர வேண்டும். அந்தப் ‘பாடத்தை’ நான் எழுதவில்லை, இனியும் எழுதமாட்டேன்.

‘தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டியவர்’ என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மை, ஆனால் பாதி உண்மை. சன் தொலைக்காட்சியின் ‘ஆஹா என்ன ருசி’ வழியாகத்தான் அவர் நம் வீடுகளுக்குள் வந்தார். 24 மணி நேரம் இடைவிடாமல் சமைத்துச் சாதனை படைத்ததைப் பலர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய காரியம் வேறொன்று. தென்னாட்டுச் சாப்பாடு என்றால் இட்லியும் சாம்பாரும்தான் என்று வெளியூரார் சொல்லி, நாமும் தலையாட்டிக்கொண்டிருந்த காலத்தில், கொங்கு நாட்டின் கை வேறு, செட்டிநாட்டின் கை வேறு, பாண்டிய நாட்டின் கை வேறு என்பதை, தொழில்முறையாகச் சமையல் கற்ற ஒருவர் சிரித்த முகத்தோடு, வீட்டில் பேசுகிற தமிழில், வாராவாரம் எடுத்துச் சொன்னார். தங்கள் வட்டாரச் சமையலைப் பட்டிக்காட்டுச் சாப்பாடு என்று கூச்சத்தோடு நினைத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கண்டது எங்கள் வீட்டில்தான். என் அம்மா பாளையங்கோட்டையில் ஐம்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவள். எதைக் கேட்டாலும் ‘கைக்குத் தெரியும்’ என்பதுதான் பதில். உப்பு எவ்வளவு என்றால் உள்ளங்கையைக் காட்டுவாள், அவ்வளவுதான். ஜேக்கப்பின் நிகழ்ச்சி நடக்கும்போது கூடத்தில் நின்றபடியே பார்ப்பாள். உட்கார்ந்து பார்க்க மாட்டாள். திரையில் அவர் கரண்டியால் அளந்து போடுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அடுப்படிக்குப் போய், வழக்கமாகக் குழம்புக்கு அள்ளுகிற உப்பைக் கையில் அள்ளி, அதை அப்படியே தேக்கரண்டியில் கொட்டி, தலைதட்டி, எத்தனை கரண்டி வருகிறது என்று எண்ணிப் பார்த்தாள். மறுபடி அள்ளினாள், மறுபடி அளந்தாள். இரண்டு முறையும் அளவு ஒன்றாகவே வந்ததில் அவளுக்கு ஏற்பட்ட வியப்பை நான் மறக்கவில்லை. அன்று இரவு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால், தேங்காய்ப்பாலில் வைக்கிற எங்கள் ஊர்க் குழம்பான சொதிக்கு அளவு எழுதினாள். அம்மா இன்று இல்லை. அந்தத் தாள் இருக்கிறது. எங்கள் வீட்டில் அவள் வைத்த சொதியை இன்றும் அவள் பக்குவத்திலேயே சாப்பிட முடிகிறது என்றால், அதற்குத் தாம் அறியாமலேயே காரணமாக இருந்தவர், அவளை ஒரு முறைகூடச் சந்தித்திராத அந்த மனிதர்.

சொதி என்று எழுதியதும் உங்கள் நடுக் கேள்விக்கு வந்துவிட்டேன். அதில் நியாயம் இருக்கிறது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நம் பக்கத்துக் கல்யாணங்களில் மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதி போடுகிறோம். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காயைப் பிழிந்து தனித்தனியே வைத்துக்கொண்டு, காய்களைப் பின்பாலில் வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, ஓரத்தில் நுரை கூடுகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தாலும் கெட்டது. வீட்டில் ஆறு பேருக்கு வைக்கிற சொதியிலேயே இவ்வளவு சூட்சுமம் என்றால், முந்நூறு இலைக்கு விறகு அடுப்பில், பெரிய சருவத்தில், அந்த நுரை கூடும் நேரத்தைப் பிடிக்கிறவருடைய கைப்பக்குவத்தை என்னவென்று சொல்வது! எங்கள் தெருவுக்கு வந்து சமைத்த ஒரு தவசிப்பிள்ளை, ஆக்குப்புரையின் மறுகோடியில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே, வாசனை மாறுவதை உணர்ந்து, ‘விறகை இழு’ என்று குரல் கொடுப்பார். அவர் இறந்த செய்தி எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். இந்தப் பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவும் இல்லை. எத்தனையோ முறை அவர் கையால் சாப்பிட்ட நானும் கேட்கவில்லை.

ஆனால் ஐயா, அந்தக் குறைக்கு ஜேக்கப் எப்படிப் பொறுப்பாவார்? தவசிப்பிள்ளையை நாம் மறந்தோம் என்பதற்காக ஜேக்கப்பையும் மறந்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? ஒரு சமையல்காரரின் பெயரையும் முகத்தையும் ஊரறியச் செய்து, வீட்டு விசேஷங்களில் பந்திக்குப் பின்னால் நின்றிருந்த தொழிலை முன்னால் கொண்டுவந்து நிறுத்திய சிலரில் அவர் ஒருவர். அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சமையல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் துணிந்து சொன்னார்கள். தவசிப்பிள்ளைகளுக்கு உரிய மரியாதையைக் கேட்கிற நீங்கள், அந்த மரியாதைக்கு வழி திறந்தவரைக் குறைத்துப் பேசுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

சமைப்பவரை நினைத்துப் போற்றுவது தொலைக்காட்சி வந்த பிறகு ஏற்பட்ட பழக்கமும் அன்று. ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் பாணருக்கு விருந்து படைத்ததைப் பாடும் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை, அந்த உணவு பாண்டவருள் ஒருவனான வீமனின் சமையல் நூலில் சொன்ன முறை வழுவாமல் ஆக்கப்பட்டது என்கிறது. விருந்து கொடுத்த அரசனைப் புகழ வந்த புலவருக்கு, அடிசிலுக்கு முறை வகுத்து எழுதியவனையும் நினைக்கத் தோன்றியிருக்கிறது. கையில் இருப்பதை எழுத்தில் வைத்தவனுக்குத் தமிழ் அவ்வளவு பழங்காலத்திலேயே இடம் கொடுத்திருக்கும்போது, ஒரு மாத இதழின் ஒரு பக்கம் எப்படி அதிகமாகும்?

ஆகவே அந்தப் பக்கம் அடுத்த ஆண்டும் வரும். அம்மாவின் நாட்காட்டித் தாளில் உள்ள சொதி அளவை அடுத்த இதழில் வெளியிடுகிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் ஆக்குப்புரையில் நின்று பழுத்த கைகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைத்தவரை நேரில் போய்ப் பாருங்கள். எந்த ஊர், யாரிடம் தொழில் பழகினார், முந்நூறு இலைச் சொதிக்கு எத்தனை தேங்காய் உடைப்பார், முதல் பால் ஊற்றியபின் எதைப் பார்த்து, எதை முகர்ந்து இறக்கச் சொல்வார் என்பதையெல்லாம் அவர் சொல்லுகிற வார்த்தையிலேயே எழுதி, அவர் சம்மதித்தால் பெயரோடு அனுப்புங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே முழுப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.