துரு அடித்த பாக்ஸ்என் வேகன் பொம்மை மாதிரி தெரிந்தால்

1:87 அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாடல் பாக்ஸ்என் வேகனுக்கு, அதாவது நிலக்கரி ஏற்றும் மேல்திறந்த சரக்குப் பெட்டிக்கு, துருநிறம் அடித்தும் பொம்மை மாதிரியே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஆரஞ்சை வெளியே முழுக்கப் பூசியதுதான் கோளாறு. சென்னை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளும்போது (எப்படியும் மாட்டுவோம்) சரக்கு ரயிலை உற்றுப் பாருங்கள். வெளிப்பக்கம் மங்கிய பழுப்பு. துரு, நிமிர்ந்து நிற்கும் பட்டைகளின் அடியிலும் வெல்டிங் ஓரத்திலும்தான். உள்ளேதான் மோசம், நிலக்கரி உரசி உரசிப் பெயிண்டே போயிருக்கும்.

முதலில் மேட் வார்னிஷ். பளபளப்பின் மேல் பொடி நிற்காது. காய்ந்ததும் பழுப்பு, கறுப்பு சாக் பாஸ்டலை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக இழுங்கள். ஆயில் பாஸ்டல் வேண்டாம், பொடியாகாது. மறுபடி லேசாக வார்னிஷ் அடித்தால் பொடி பாதி மறையும். அதனால் கொஞ்சம் தூக்கலாகவே போடுங்கள்.

சக்கரத்தின் பக்கவாட்டுக்கு மட்டும் நிறம். தண்டவாளத்தில் படும் இடத்திலும் நான் ஒருமுறை அடித்துவிட்டேன். அழுக்கு தண்டவாளத்தில் ஏறி, மாடல் ரயில் கிளப்பில் எஞ்சின் நின்று நின்று போனது.

லோடுக்கு இஸ்திரிக் கடைக் கரியே போதும். நுணுக்கி, டீ வடிகட்டியில் சலித்து, தெர்மாகோல் மேல் தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டுங்கள். ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்தால் பசை நன்றாக இறங்கும்.